முடியாது மாமா

மெத்தைக்குப் போடும் ரெக்சின் உறையைத் துவைப்பது எப்போதும் அவர் வேலைதான். வேறு யார் துவைத்தாலும் மடிப்பில் வாடை தங்கிவிடுகிறது என்பது அவருடைய கட்சி. அன்று அவருக்கு வார விடுமுறை. பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, குளியலறைத் தரையில் உறையை விரித்து, யானையைக் குளிப்பாட்டுகிறவர் மாதிரி தேய்த்துக்கொண்டிருந்தார். துவைத்துக் காயவைத்துப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுவதாகப் பேச்சு. இனி இந்த வீட்டில் படுக்கையை நனைக்க யாரும் வரப்போவதில்லை என்று புருஷனும் பெண்டாட்டியும் போன மாதம்தான் முடிவு செய்திருந்தார்கள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதி லிஃப்ட்டுகள் அவரிடம் திட்டு வாங்கித்தான் ஓடுகின்றன. யார் கூப்பிட்டாலும் முதலில் "முடியாது" என்பார். "மோட்டார் போச்சு, ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிக்கொண்டே சட்டைக் கையை மடிப்பார். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அந்தக் குரலைக் கேட்டு அழுதுவிடுவதும் உண்டு; அழுது முடிப்பதற்குள் கதவு திறந்திருக்கும். கல்யாணப் பேச்சு நடந்தபோதும் இப்படித்தான் முடியாது என்றாராம். மாமியார் வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

பெற்றவர்களால் கொஞ்ச காலம் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளை, அங்கே நிலைமை சரியாகும்வரை வீட்டில் வைத்து வளர்ப்பது அவர் மனைவி ஆரம்பித்த காரியம். அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து போன் வரும். இவர் முடியாது என்பார். அவள், "ஒரு வாரம் பார்ப்போமே" என்பாள். இவர் இடம் போதாது, தண்ணீர் போதாது, தன் முதுகு சரியில்லை என்று அடுக்குவார். அவள் கேட்டுக்கொண்டே கட்டிலுக்கு விரிப்பு போடுவாள். சாயங்காலம் பிள்ளை வந்து இறங்கும். இப்படி ஏழெட்டுப் பேர். சைக்கிள் கேட்டாலும் சரி, விளக்கை அணைக்காதே என்றாலும் சரி, அவரிடமிருந்து முதலில் வருவது அந்த ஒரு சொல்தான். அப்புறம் சைக்கிளும் வரும், விளக்கும் எரியும். பிள்ளைகளுக்கெல்லாம் அவர் 'முடியாது மாமா'.

கடைசியாக இருந்தவன் 'கொசு'. காதருகே வந்து எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பான். அவனுடைய சித்தி வந்து கூட்டிப் போனாள். நல்ல பெண். குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதுதான் இவர்கள் இருவருக்கும் பெரிய எரிச்சல். "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார் அவர், வழக்கம்போல. அவள் அன்று, "இனிமே வேண்டாம்" என்றுவிட்டாள்.

உறையைப் பிழியும்போது போன் அடித்தது. மனைவி ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள்.

"ஒரு பொண்ணு, ஆறு வயசு," என்றார் அலுவலகத்து அதிகாரியம்மா. "அவ அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க, எப்ப வருவாங்கன்னு தெரியல. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன்க்கா. கடிக்கும்."

"யாரை?"

"கிட்ட வர்றவங்களை. காலையில என்னை. மத்தியானத்துக்குள்ள சொல்லுங்க. இல்லேன்னா குழந்தைகள் இல்லத்துக்குத்தான் அனுப்பணும், அங்க படுக்கவே இடமில்ல."

குளியலறையிலிருந்து குரல் வந்தது. "முடியாது!"

போனை வைத்ததும் அவர் சொட்டச் சொட்ட வந்து நின்று ஆரம்பித்தார். "கடிக்கிற பிள்ளையா? என் கையை நம்பித்தான் இந்த வீடே ஓடுது. நமக்கு வயசென்ன குறையுதா? முதுகு வேற..."

"ஆமாங்க," என்றாள் அவள். "முடியாது."

சுவர் இருக்கிறதென்று நம்பிச் சாய்ந்து, அங்கே வாசல் இருந்துவிட்ட ஆளைப் போல அவர் தடுமாறினார்.

"என்ன ஆமாங்க?"

"நீங்க சொல்றது சரிதான்னு சொல்றேன். போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன்."

"சொல்லு. தாராளமா சொல்லு." ஈரக் கையைப் பேன்ட்டில் துடைத்தார். "ஆறு வயசுன்னா பல்லு விழற நேரம். எவ்வளவுதான் கடிச்சிடும்?"

"அவங்களே சொல்றாங்களே."

"அந்தம்மா எதையும் பெரிசு பண்ணும். கொசுவைக்கூட திருடுவான்னு சொல்லுச்சு."

"திருடினானே."

"என்ன பெரிய திருட்டு? ஒரு ஸ்க்ரூட்ரைவர். அதுவும் திரும்பி வந்துச்சு."

"நீங்க அவனுக்குப் புதுசு வாங்கிக் குடுத்தீங்க. அதான் பழசு திரும்பி வந்துச்சு."

மகள் கைப்பையோடு வேலைக்குக் கிளம்பி வந்தாள். பல் டாக்டரிடம் வரவேற்பில் இருப்பவள். "என்னப்பா, இன்னைக்கு அம்மா வசனத்தை நீ பேசறே?"

"உன் வேலையைப் பாரு."

"அதுக்குத்தான் போறேன். எங்க டாக்டர்கிட்ட வாயைக் கட்டிப்போட ஏதாவது இருக்கும். யாருக்கு வேணும்னு மட்டும் சொல்லு, உனக்கா, அந்தப் பிள்ளைக்கா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

அவர் உறையைப் பால்கனிக் கொடியில் போட்டுவிட்டு வந்தார். மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தார்.

"ஒரு வாரம் பார்ப்போம்னு சொல்லுவியே. ஏன் சொல்லல?"

"சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சுங்க. வர்றப்ப கூட்டிட்டு வந்தவளும் நான், போறப்ப பையைக் கட்டி அனுப்பினவளும் நான். நீங்க ஆன்டெனா சரிபண்றேன்னு மொட்டை மாடிக்குப் போயிடுவீங்க. நம்ம வீட்ல ஆன்டெனாவே கிடையாது. கீழ இறங்கி வந்து, 'நான் அப்பவே சொன்னேன்ல'. அப்படிச் சொல்லிக்கறதுக்காகவே முதல்ல முடியாதுன்னு ஒண்ணைச் சொல்லி வச்சுக்கறீங்க."

"மாடியில காத்து நல்லா வருது."

"வரும். கண்ணெல்லாம் சிவக்கிற அளவுக்கு வரும்." ஒரு காயைப் பிளந்தாள். "இந்தப் பிள்ளை வேணும்னா நீங்களே சொல்லுங்க. உங்க வாயால. இல்லேன்னா வேண்டாம்."

அவர் எழுந்து போய்க் குழாயை மூடினார். மூடியிருந்த குழாய்தான். பிள்ளைகள் படுக்கும் சின்ன அறைக் கதவைத் திறந்து பார்த்தார். கொசு அணைக்கக்கூடாது என்று பிடிவாதம் பிடித்த சின்ன விளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. அவன் போன பிறகு அதற்குப் புது பல்பு போட்டவர் யாரென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து போனை எடுத்தார்.

"நான் லிஃப்ட்காரன் பேசறேன்."

"சொல்லுங்க சார். முடியாதுதானே? சரி, அக்காகிட்ட குடுங்க."

"அக்காகிட்ட எதுக்கு? நான்தான் பேசறேன்."

"அதான் சார், நீங்க பேசி முடிச்சதும் அவங்ககிட்ட குடுங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் பட்டாணியைப் பார்த்தாள்.

"கூட்டிட்டு வாங்க."

"என்ன சார்?"

"பொண்ணைக் கூட்டிட்டு வாங்கம்மா. நான்தான் சொல்றேன், நான்தான் கேக்கறேன். என் பேரையே எழுதிக்குங்க."

அதிகாரியம்மா குரலைத் தாழ்த்தினார். "அக்காவுக்குத் தெரியுமா சார்?"

போனை வைத்துவிட்டு, பத்து மாடியை லிஃப்ட் இல்லாமல் ஏறி வந்தவர் மாதிரி உட்கார்ந்தார். "கடிச்சா கடிக்கட்டும்," என்றார் மேஜையிடம். அவள் தோலியைக் கூட்டிக் குப்பையில் போட்டாள்.

"ஏம்மா," என்றார் தலையைத் தூக்கி. "இவளும் ஒருநாள் போவால்ல. அன்னைக்கு நான் என்ன சொல்றது?"

அவள் பால்கனிக்குப் போய்க் கொடியிலிருந்து உறையை உருவினாள். மடிப்பை மோந்து பார்த்தாள். இன்னும் ஈரம். பரவாயில்லை என்று தோளில் போட்டுக்கொண்டு, அவரைக் கடந்து, சின்ன அறைப் பக்கம் நடந்தாள்.