இடது பக்கத்துப் பியானோ

2024 ஜூலை 7, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். சாமைப் பொங்கல் வைத்து, சட்னி அரைத்து, துணிகளைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, எட்டு மணி பஸ்ஸில் மலையிலிருந்து நாமக்கல்லுக்கு இறங்கினேன். அம்மாவைப் பார்த்து, அங்கேயே மதியம் சாப்பிட்டு, மூன்று மணி பஸ்ஸில் கொல்லிமலைக்குத் திரும்பினேன். செம்மேட்டில் எனக்குத் தோட்டக்கலை அலுவலகத்தில் வேலை. என் கணவர் இங்கே பள்ளி ஆசிரியர்.

மலையடியில் காரவள்ளி தாண்டியதும் இயர்போனை மாட்டிக்கொள்வேன். மகள் போனில் ஏற்றிக் கொடுத்த ஓர் இசைத்தொகுப்பு. ஜாஸ் ஃபியூஷன் (ஜாஸோடு வேறு இசை மரபுகளைக் கலப்பது) என்று சொன்னாள். எனக்கு இசை இலக்கணம் தெரியாது. அந்தப் பாடகிக்குத் தணிந்த குரல். ஒரு இடத்திலும் அதை உயர்த்த மாட்டார். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரியிடம் பேசுவது போலப் பாடுவார். சில பாட்டுகளில் சொற்களே கிடையாது. இடது காதில் பியானோ, வலது காதில் கடம், நடுவில் அவர். கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் தொகுப்பு முடிந்துவிடும்.

முதல்முறை வீட்டில் சத்தமாகப் போட்டபோது என் கணவர் பாதியில் கேட்டார். "ஏம்புள்ள, இந்தம்மா எப்பத்தான் பாட ஆரம்பிப்பாங்க?"

"பாடிட்டுத்தான் இருக்காங்க."

"அப்படியா. நான் சாமி கும்புடறாங்கன்னு நெனச்சேன்."

மலை ஏறும்போது எல்லோருக்கும் காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் திறந்துவிடும். அன்று பாதி மலையில் என் இரண்டு காதும் அடைத்தன. செம்மேட்டில் இறங்கியபோது வலது காது திறந்தது. இடது திறக்கவில்லை.

நான் கவலைப்படவில்லை. மறுநாள் அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் செல்லம்மாவும் கவலைப்படவில்லை. அவர் கொல்லிமலையிலேயே உள்ள பெரக்கரை நாட்டுக்காரர். பிறந்ததிலிருந்து இந்த மலையில் ஏறி இறங்குபவர். "மலை ஏறுனா அப்படித்தானுங்கக்கா. பலாக்கொட்டை வறுத்துத் தாரேன், நல்லா மெல்லுங்க. படக்குன்னு தொறந்துக்கும்."

மென்றேன். மூக்கைப் பிடித்து ஊதினேன். ஆவி பிடித்தேன். லேசாகத் தலை சுற்றியது. அதையும் வளைவுகளின் கணக்கில் சேர்த்தேன். சமவெளியில் இருந்திருந்தால் அடுத்த நாளே மருத்துவரிடம் போயிருப்பேன். மலையில் இருந்ததால் என்னிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது.

வியாழக்கிழமை மாலை சமைக்கும்போது தொகுப்பைப் போட்டேன். பியானோ இல்லை. ஒயர் போய்விட்டது என்று நினைத்து இயர்போனைப் பக்கம் மாற்றி மாட்டினேன். வலது காதில் பியானோ தெளிவாக வந்தது. இப்போது கடத்தைக் காணவில்லை.

அடுப்பை அணைத்தேன். திரும்பவும் மாற்றிப் பார்த்தேன். ஒயரில் ஒன்றும் கோளாறு இல்லை.

வெள்ளிக்கிழமை நாமக்கல்லில் காது மருத்துவர் இசைக்கவையைத் (தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் உலோகக் கருவி) தட்டி என் நெற்றியில் வைத்தார். "எந்தப் பக்கம் கேக்குதுங்க?"

"வலது பக்கமுங்க."

அடைப்பாக இருந்தால் அடைத்த பக்கம்தான் ஒலி கூடுதலாகக் கேட்குமாம். நல்ல காதின் பக்கம் ஒதுங்கினால் கோளாறு உள்ளே. கண்ணாடி அறையில் கேட்புச் சோதனை எடுத்தார்கள். திடீர் செவி நரம்புக் கேளாமை (உட்காதோ அதன் நரம்போ திடீரென்று செயல் குன்றுவது). பெரும்பாலானோருக்குக் காரணம் தெரிவதில்லை.

"ஏனுங்க டாக்டர், திங்கக்கெழமையே வந்திருந்தா சரியாயிருக்குமுங்களா?"

அவர் எழுதுவதை நிறுத்தினார். "அதை யாரும் உறுதியாச் சொல்ல முடியாதுங்கம்மா. சிலருக்குத் தானா வருது. சிலருக்கு ஒடனே மருந்து குடுத்தும் வரதில்லை. ஆனா சீக்கிரம் வாரது நல்லது. மலைமேல இருக்கறவங்களுக்கு இதைச் சொல்லுங்க."

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு காது மட்டும் அடைத்து, மறுநாளும் திறக்காவிட்டால், எதையும் மென்றுகொண்டிருக்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் போங்கள்.

ஸ்டீராய்டு மாத்திரைகள் (வீக்கத்தைத் தணிக்கும் மருந்து) தொடங்கின. தூக்கம் போனது, பசி கூடியது, முகம் உப்பியது. "பள்ளிக்கூடத்துல கேட்டா என் பொண்டாட்டி இப்பத்தான் நல்லாச் சாப்பிடறான்னு சொல்லிக்குவேன்" என்றார் கணவர். பிறகு செவிப்பறை வழியாகக் காதுக்குள் ஊசி. ஒவ்வொரு முறையும் விடுப்பு போட்டு அவரும் கூட வந்தார். வெளியே பெஞ்சில் என் செருப்பைத் தன் கால்களுக்கு நடுவே இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஆகஸ்டில் இடது காதில் ஒலி வரத் தொடங்கியது. மகிழ்ச்சியோடு தொகுப்பைப் போட்டேன். பாடகி இருவராகியிருந்தார். வலது காதில் எனக்குத் தெரிந்தவர். இடது காதில் ஒரு இழை தாழ்ந்த சுருதியில், தகர டப்பாவுக்குள்ளிருந்து இன்னொருவர். இரட்டைச் சுருதிக் கேட்பு (ஒரே ஒலி இரு காதிலும் வெவ்வேறு சுருதியில் கேட்பது) என்றார் மருத்துவர். குணமாகும் வழியில் சிலருக்கு வருமாம். எனக்கு அது கேளாமையைவிடக் கொடுமையாக இருந்தது. இல்லாத குரலுக்காகக் காத்திருக்கலாம். கெட்டுப்போன குரலை என்ன செய்வது? நிறுத்திவிட்டேன்.

சோதனை எடுக்கும் பெண் சொன்னார். "விட்டுராதீங்கக்கா. சன்னமா வெச்சு தெனமும் கொஞ்சம் கேளுங்க. முடியலீன்னா போன்ல ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாச் சேத்து வலது காதுலயே கேக்கலாம்."

கணவர் போனில் சேர்த்துக் கொடுத்தார். எல்லாம் கேட்டது, ஆனால் பியானோவும் கடமும் பாடகியும் ஒரே மூலையில் முட்டிக்கொண்டு நின்றார்கள். ஆளுக்கொரு இடம் இல்லாமல் போயிருந்தது.

ஜனவரியில் கடைசிச் சோதனை. இரட்டைக் குரல் ஏறக்குறைய அடங்கியிருந்தது. தாழ்ந்த ஒலிகள் ஓரளவு திரும்பியிருந்தன. உயர்ந்த ஒலிகள் இல்லை. "இனிமே பெருசா மாறாதுங்கம்மா" என்றார் மருத்துவர். நான் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் போனில் ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்த இரண்டு பக்கங்களையும் மறுபடி பிரித்தார். என் இடது பக்கம் உட்கார்ந்து, இடது இயர்போனைத் தன் காதில் மாட்டிக்கொண்டார். வலதை என்னிடம் நீட்டினார்.

"அந்தப் பக்கத்த நான் பாத்துக்கறேன். நீ இந்தப் பக்கத்தப் பாரு."

பாடகி பாடத் தொடங்கினார். கடம் எனக்கு வந்தது.

"இப்ப பியானோ வருது புள்ள. அதுக்குப் பின்னால யாரோ சீமாத்துல வாசல் கூட்டறாங்க."

"அது டிரம்முங்க. பிரஷ்ஷால தேய்ப்பாங்க."

"ஓ. நல்லாத்தான் கூட்டறாங்க. இப்ப நின்னுபோச்சு. இப்ப மறுபடியும்..."

"பேசாதீங்க. பாட்டு கேக்கலை."

வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவருடைய விரல் என் மணிக்கட்டில் தட்டியது. பியானோ என்று புரிந்தது. கூட்டும் சத்தம் வந்தபோது விரலைத் தேய்த்தார். தாளம் சரியில்லை, எல்லாம் கொஞ்சம் பின்தங்கியே வந்தது. அவர் கேட்டு, கேட்டதை விரலுக்கு அனுப்பி, அது என் கைக்கு வர ஆகும் நேரம். அந்த இடைவெளியில் நான் காத்திருந்தேன். முன்பு இரண்டு காதுக்கும் ஒரே நொடியில் வந்த இசை, இப்போது இரண்டு தவணையாக வந்தது. என் உடம்பின் இடது எல்லை காதோடு முடியாமல், அவருடைய தோள்வரை போயிருந்தது.

முழுத் தொகுப்பையும் கேட்டோம். "முடிஞ்சுதா?" என்றார். "இப்பத்தான் பாட ஆரம்பிச்சாங்கன்னு நெனச்சேன்."

படுக்கையில் என் இடது பக்கம் படுப்பவர் அவர். ஆறு மாதமாக அவர் பேசுவதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. இடம் மாறிக்கொள்ளலாம் என்று பலமுறை சொன்னார். காது வந்துவிடும், மறுபடி மாற வேண்டியிருக்கும் என்று மறுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஐந்தரைக்கு எழுந்தேன். அடுப்புப் பக்கம் போகுமுன், முதல் வேலையாக, இரண்டு தலையணைகளையும் இடம் மாற்றிப் போட்டேன்.