பீரோ கதவில் ஒரு கிளி

நான் பழைய ஸ்டிக்கர்களைச் சேர்ப்பவன் என்று தெரிந்து, திருமுல்லைவாயிலில் எங்கள் தெருக்கோடி வீட்டு அக்கா போன மாதம் கூப்பிட்டார். அவருடைய கணவர் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இரும்பு பீரோவின் கதவில் ஒரு கிளி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"இது எப்போ ஒட்னதுன்னு பாத்து சொல்லு தம்பி. கல்யாணமான புதுசுல எனக்கோசரம் வாங்கியாந்து ஒட்னேன்னு அவரு சொல்வாரு. புள்ள இஸ்கூலுக்குப் போவசொல்ல ஒட்னான்னு நான் சொல்வேன். கடைசி வரிக்கும் இதே சண்டதான்."

கிளியின் காலடியில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் 'மெட்ராஸ்' என்று அச்சிட்டிருந்தது. ஊர்ப்பெயர் மாறுவதற்கு முந்தையது. ஆனால் பழைய சரக்கைப் பின்னால்கூட விற்றிருக்கலாம். உரிந்திருந்த ஓரத்தை நகத்தால் மெல்லத் தூக்கினேன். பீரோ முழுக்கச் சாம்பல் நிறம். கிளிக்கு அடியில் மட்டும் நீல பெயிண்ட்.

"இந்தச் சாம்பல் பெயிண்ட் எப்போ அடிச்சீங்கக்கா?"

"புள்ள வயித்துல இருக்கசொல்ல."

சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. ஏற்கெனவே ஒட்டியிருந்த கிளியை விட்டுவிட்டு, சுற்றிலும்தான் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார்.

"நெசத்ததான் சொல்லிகீறாரு. நான்தான் பொய்யி, பொய்யின்னு அவரு வாய அடச்சிட்டேன்."

ஓரத்தை மறுபடி அழுத்தி ஒட்டினேன். அந்த மனிதர் இருக்கும்போதே இந்த அக்கா என்னைக் கூப்பிட்டிருக்கலாம்.