குர்பானுக்கு வைத்த கிடா

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள் உம்மாவும், ராத்தா என்று நான் கூப்பிடும் அக்காவும், தொட்டிலில் ராத்தாவின் கைக்குழந்தையும். வாப்பா இல்லை, அவர் தீவில், மீன் பிடிக்கிறவர்கள் தங்கும் வாடியில். ராத்தாவின் மாப்பிள்ளை வெளிநாட்டில். வாப்பாவின் தம்பி சாச்சாவும் இல்லை, கற்பிட்டியில் யாருடையவோ வெங்காயத்துக்கு மருந்தடிக்கப் போயிருந்தார். நானும் இல்லை, புத்தளம் கச்சேரிக்கு, அரசாங்க அலுவலகத்துக்கு, வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். ஆம்பிளை என்று ஒருவரும் வீட்டில் இல்லை. நடந்ததெல்லாம் அதனால்தான் நடந்தது என்று முதலில் எல்லோருமே நினைத்தோம்.

கிடாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்து கண்டக்குழிக்குப் பக்கத்தில் கொட்டில் போட்டவர்கள் என் பெற்றோர். நான் பிறந்ததும் இங்கேதான். ஹஜ்ஜுப் பெருநாள் தோறும் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில், குர்பான் கொடுத்து அறுத்த வீட்டிலிருந்து யாராவது ஒரு பிள்ளை இறைச்சிப் பையோடு வாசலில் நிற்கும். "உம்மா குடுத்து விட்டாங்க" என்று சொல்லும். உம்மா இறைச்சியைச் சட்டியில் கொட்டிவிட்டுப் பையைக் கழுவி, ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார். வெறும் பையைத் திருப்பி அனுப்பியதை நான் பார்த்ததில்லை. சீனி இல்லாத வருடம் இரண்டு பச்சை மிளகாய் போட்டு அனுப்பினார்.

எங்கள் குடும்பத்தில் கம்பஸ் வரை, பல்கலைக்கழகம் வரை, போனவன் நான் ஒருவன்தான். வேலை கிடைத்து முதற்சம்பளம் வந்ததும் உம்மா கேட்டது சேலையில்லை. ஒரு கிடாக்குட்டி கேட்டார்.

"எத்தினை வருசம் மத்தவங்கட பையைக் கழுவுறது மகன்? ஒரு பெருநாளைக்காவது எங்கட பையும் நாலு வாசலுக்குப் போகணும்."

வீட்டிலிருந்த பாலாடுகளோடு குட்டியும் வளர்ந்து, பல் போட்டுக் குர்பான் வயதுக்கு வந்தது. யாவாரி ஒருவர் வாசலில் நின்று எண்பத்தையாயிரம் கேட்டார். உம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். இந்தப் பெருநாளைக்கு அறுப்பதென்று நிய்யத் வைத்து நேர்ந்தாயிற்று.

நரி எங்களுக்குப் புதிதில்லை. வலையில் மீன் நிறைந்து வந்தால் "நரி முகத்திலயா முழிச்சா?" என்று கேட்கிற கரைதான் இது. கோழி போனால் திட்டுவோம், அதோடு சரி. கண்டக்குழியில் சுற்றுலாக்காரரின் விடுதிகள் வந்து, மிஞ்சிய சாப்பாடு பின்பக்க மணலில் கொட்டப்படத் தொடங்கிய பிறகு நரிகளுக்கு ஆள் பயம் குறைந்துபோனது. குட்டி ஆடுகள் காணாமற்போயின. ஒரு குட்டியின் தலை மட்டும் தாழம்பற்றைக்குள் கிடந்தது. வில்பத்துக் காட்டிலிருந்து சிறுத்தை வந்துவிட்டதாகக்கூடக் கதை கிளம்பியது.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் வெங்காயத் தோட்டம். தோட்டக்காரர் வேதக்காரர், கிறிஸ்தவர், உம்மாவை அக்கா என்று கூப்பிடுகிறவர். அவரிடம் ஒரு செம்பட்டை நாய் இருந்தது. பொழுதுபட அவிழ்த்து விடுவார், விடிந்ததும் கட்டிப்போடுவார். அது குரைத்துக் காத்ததால் எங்கள் ஆட்டுக்கொட்டிலும் நிம்மதியாகத் தூங்கியது. நாங்களும் ஒரு நாய் வைத்தால் என்ன என்று நான் கேட்டபோது, "மலக்குமார் வராத வீடா எங்கட வீடு?" என்று உம்மா முடித்துவிட்டார்; நாய் உள்ள வீட்டுக்குள் வானவர்கள் வருவதில்லை என்பார்கள். ஆனால் மீன் வெட்டும்போதெல்லாம் தலைகளை ஒதுக்கி, வேலிக்கு மேலால் அந்த நாய்க்கு எறிவார்.

அன்று விடியலில் சுபஹு தொழுதுவிட்டு உம்மா ஆடுகளை அவிழ்த்துப் பின்னால் உடைமரங்களுக்குள் விட்டிருக்கிறார். நாய் கட்டப்பட்டு, வெளிச்சமும் வந்துவிட்ட நேரம். கிடா கத்திய கத்தலில் இரண்டு பெண்களும் ஓடியிருக்கிறார்கள். இரண்டு நரிகள். உம்மா எறிந்த கட்டைக்கு அவை ஓடவில்லை, கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பார்த்தனவாம். கிடாவின் பின்தொடையும் அடிவயிறும் கிழிந்திருந்தன. ஆனால் உயிர் இருந்தது. தலையைத் தூக்கிக்கூடப் பார்த்தது.

எங்களில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லாத விஷயம் இது: மிருகம் கடித்துச் செத்தது ஹராம், உயிர் போகுமுன் பிஸ்மி சொல்லி அறுத்துவிட்டால் ஹலால். காயம்பட்டது குர்பானுக்கு இனி ஆகாவிட்டாலும் இறைச்சியாவது மிஞ்சும், நாலு வாசலுக்குப் போகும். உம்மா வீட்டுக்கு ஓடிக் கத்தியை எடுத்து வந்தார். ராத்தா கிடாவின் வாயைப் பிடித்துத் தலையை கிப்லாப் பக்கம், தொழும் திசைக்கு, திருப்பினாள். பிறகு உம்மா கத்தியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"பிஸ்மி சொல்லி நீங்களே அறுங்க உம்மா. இஞ்ச யாரு பாக்கிறா?" என்றாள் ராத்தா.

"அல்லா பாக்கிறான்" என்றார் உம்மா.

எங்கள் பக்கத்தில் பெண்கள் அறுப்பதில்லை. கோழியென்றாலும் பிடித்துக்கொண்டு, யாராவது ஆம்பிளை வரும்வரை வாசலில் நிற்பார்கள். உம்மா கத்தியை முந்தானையில் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். சத்தம் கேட்டு வேலிக்கு வந்த தோட்டக்காரர், "நான் அறுத்துத் தரட்டா அக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

"நீங்க அறுத்தா எங்களுக்கு ஆகாது தம்பி. எங்கட ஆள் ஒருத்தரக் கண்டா இஞ்சால அனுப்புங்க."

இரண்டு ஓட்டோக்கள் நிற்காமல் போயின. கடைசியில் மோட்டார் சைக்கிளில் வந்த, எங்கள் ஆளான மீன் யாவாரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு உம்மா திரும்பியபோது, ராத்தா கிடாவின் தலையை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். யாவாரி அதன் கண்ணைத் தொட்டுப் பார்த்தார். "முடிஞ்சிது தங்கச்சி" என்று கத்தியை அப்படியே திருப்பிக் கொடுத்தார். ராத்தா எனக்கு போன் எடுத்தது அதற்குப் பிறகுதான். வழியில் மாம்புரியிலேயே இறங்கித் திரும்பி வந்தேன்.

நான் வந்தபோது சாச்சாவும் வந்துவிட்டிருந்தார். கிடாவைத் தென்னங்கிடுகால் மூடியிருந்தார்கள். சாச்சாவுக்கு அழத் தெரியாது, கோபப்படத்தான் தெரியும்.

"இத வீணாக்கக் கூடாது மதினி. கொஞ்சம் மருந்து போட்டுப் பற்றைக்குள்ள வைப்பம். ரெண்டும் முடியும்."

இங்கே மருந்து என்றால் வெங்காயத்துக்கு அடிக்கிற பூச்சிநஞ்சு. ஆளுக்குக் கொடுப்பது குளிசை.

"எலி, முயல் எல்லாம் நரிதான் சாச்சா குறைக்குது. நரி இல்லாட்டித் தோட்டங்களுக்குத்தான் நட்டம். நஞ்சு வச்சா அதத் தின்ன வாற எல்லாமே சாகும்" என்றேன். நான் படித்ததுதான், இப்போதும் அது சரியென்றுதான் நினைக்கிறேன். ஆனால் செத்த கிடாவுக்குப் பக்கத்தில் நின்று சொல்லும்போது என் காதுக்கே அது நன்றாக இருக்கவில்லை.

"பாத்தீங்களா மதினி? காசு செலவழிச்சுப் படிப்பிச்சீங்க. உங்கட மகன் நரிக்கு வக்கீலா வந்து நிக்கிறான்."

உம்மா எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. "அல்லாவுக்கெண்டு வச்ச உடம்பு. அதுக்குள்ள நஞ்சு வைக்கிறதா? குழி தோண்டித் தாங்க" என்று மட்டும் சொன்னார். சாச்சா முணுமுணுத்துக்கொண்டு மண்வெட்டி தேடிப் போனார். அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் உம்மாவுக்கு ஒரு கவலை மிச்சமிருந்தது: நிய்யத் வைத்த கிடா செத்தால் வேறொன்று கொடுத்தே ஆகவேண்டுமா? என்னை மதியம் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு அனுப்பி மௌலவியிடம் கேட்கச் சொன்னார். மௌலவி இளவயதுக்காரர், பொறுமையாகக் கேட்டார்.

"கவனமில்லாம விட்டதில்லையே? அப்ப உம்மாட மேல ஒண்டும் இல்ல. நிய்யத்துக்குக் கூலி இரிக்கி, மனச விட வேணாமெண்டு சொல்லுங்க." செருப்பை மாட்டியவர் மறுபடி திரும்பினார். "ஆனா உம்மாவே அறுத்திருக்கலாமே? பொம்பிளை அறுத்தாலும் கூடும். யாரு கூடாதெண்டது?"

யாரும் சொன்னதில்லை என்றேன்.

"வேலிக்கு அங்கால ஒரு வேதக்காரர் கேட்டாரெண்டீங்க. வேதம் குடுக்கப்பட்டவங்க அறுத்தாலும் கூடுமெண்டு ஒரு பேச்சு இரிக்கி. அத இப்ப உம்மாட்டச் சொல்லாதீங்க."

வீட்டுக்கு நடக்கும்போது முதற்பாதியை மட்டும் சொல்வது என்று முடிவெடுத்திருந்தேன். உம்மா கிணற்றடியில் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார், அதில் ஒரு துளி இரத்தம் பட்டிருக்கவில்லை என்றாலும். வேறு கொடுக்கத் தேவையில்லையாம் என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"வேற என்ன சொன்னாரு?"

உம்மாவிடம் பொய் சொல்ல எனக்கு வராது. சொன்னேன்.

அவர் கத்தியை நிலத்தில் வைத்தார். கையைப் பார்த்தார். "கையில கத்தி இருந்திச்சே" என்றார். அதை என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை. தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த ராத்தா தலையைக் குனிந்துகொண்டாள். 'நான் சொன்னேனே' என்று அவள் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. உம்மா எழும்பி, பாதி தோண்டிய குழியில் நின்ற சாச்சாவிடம் போனார்.

"கொண்டு போங்க" என்றார்.

"எங்க மதினி?"

"நீங்க சொன்ன இடத்துக்கு."

நான் குறுக்கே போய் நின்றேன். "உம்மா, காலையில நீங்கதானே வேணாமெண்டீங்க" என்றேன். "காலையில எனக்குத் தெரியா மகன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நரி மேல்தான் அந்தக் கோபம் என்று சாச்சா நினைத்தார். எனக்கு அது கத்தி பிடித்து நின்ற அவருடைய கை மேல் என்றே பட்டது.

மறுநாள் காலை உடைமரங்களுக்குள் ஒரு நரி செத்துக் கிடந்தது. மற்றது தப்பியிருக்க வேண்டும். சுற்றிவரக் காகங்கள். சாச்சா குனிந்து நரியின் தலையை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"என்ன தேடுறீங்க?"

"கொம்பு. நரிக்கொம்பு வச்சிருந்தா வழக்குத் தோக்காதாம். நீதானே வக்கீல், உனக்கு உதவும்."

சிரிக்க அவரே முயன்றார். அப்போது வேலிப் பக்கம் தோட்டக்காரரின் குரல் கேட்டது. நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி அவர் வந்தார். அது எங்கள் வேலிக்குக் கீழால், உம்மா மீன்தலை எறியும் இடத்தில், வாயில் நுரையோடு கிடந்தது. கிடாவைத் தின்ற இடத்திலிருந்து தண்ணீர் தேடி அதுவரைக்கும் வந்திருக்கிறது.

உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேலியடிக்குப் போனார். சாச்சா ஏதோ சொல்ல வாயெடுத்தார். உம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான்தான் தம்பி வைக்கச் சொன்னன்."

தோட்டக்காரர் குனிந்து நாயின் கழுத்துப் பட்டியைக் கழற்றினார். "விடுங்க அக்கா, நாய்தானே" என்றார். பிறகு, "உங்கட ஆடுகளுக்கும் சேத்துத்தான் குரைச்சிது" என்றார். என்ன விலைக்கு வாங்கியது என்று உம்மா கேட்டார். அவர் சொல்ல மறுத்தார். உம்மா விடவில்லை. எட்டாயிரம், குட்டியில், என்றார் கடைசியில். உம்மா அன்றே அதைக் கொண்டுபோய் அவருடைய மனைவியின் கையில் வைத்தார்.

இரவில் இப்போது குரைப்புச் சத்தம் இல்லை. நரிகள் முன்பைவிடக் கிட்டவந்து ஊளையிடுகின்றன. உம்மா ஆடுகளை வெளியே விடுவதில்லை. கொட்டிலிலேயே குழை வெட்டிப் போடுகிறார். தோட்டக்காரர் இன்னும் உம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார், ஆனால் வேலியடியில் நின்று கதைப்பதில்லை.

பெருநாளைக்கு வாப்பா தீவிலிருந்து வந்தார். தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்தபோது வாசலில் ஒரு பிள்ளை பையோடு நின்றது. உம்மா வாங்கிச் சட்டியில் கொட்டிவிட்டுப் பையைக் கழுவத் தொடங்கினார். வாப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒருவரையும் குறிப்பிடாமல் கேட்டார்:

"எல்லாமா எவ்வளவு போச்சு?"

"கிடா எண்பத்தையாயிரம், யாவாரி கேட்ட விலைக்கு. நாய் எட்டாயிரம். மருந்து ரெண்டாயிரத்தி நானூறு" என்றார் உம்மா.

"மருந்து என்ட காசு மதினி" என்றார் சாச்சா.

"கொண்டு போகச் சொன்னது நான்." உம்மா பையை உதறி, அடியில் ஒரு பிடி சீனி போட்டுப் பிள்ளையிடம் நீட்டினார். "தொண்ணூற்றையாயிரத்தி நானூறு."