என் துணியில் குற்றமில்லை

எங்கள் தோட்டத்துக் கோயிலில் குருசு துடைக்கும் துணி பன்னிரண்டு வருடம் என் கையில் இருந்தது. நடுவில் ஒரே ஒரு நாள் அது வேறு கைக்குப் போனது. அந்த ஒரு நாளைப் பற்றி நானே சொல்லிவிடுவது நல்லது. வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

லுணுகலைக்குப் போகும் பாதையில், தேயிலைக்கு நடுவே இருந்த தகரக் கூரைக் கோயில் அது. பதுளையிலிருந்து சாமியார் மாதம் ஒரு தடவைதான் வருவார். பெரிய வெள்ளிக்கு முந்தின தபசு காலத்து வெள்ளிக்கிழமைகளில் உபதேசியாரே சிலுவைப்பாதை செபம் சொல்லுவார். முடிந்ததும் ஒரு மரக் குருசை நீட்டிப் பிடிப்பார். சனம் வரிசையாக வந்து சேசுவின் பாதத்தில் வாய் வைத்து முத்தி செய்யும். ஒவ்வொரு முத்திக்கும் பிறகு நான் துடைப்பேன். வெற்றிலை வாய், பொடி மூக்கு, சளி ஒழுகும் பிள்ளை, எல்லாம் அந்த ஒரு பாதத்தில்தான் வந்து சேரும்.

துணி நல்ல வெள்ளை மல்துணி. வியாழக்கிழமை அதைக் கொதிக்க வைத்து, கஞ்சி போட்டு, செம்பில் நெருப்பை அள்ளிப் போட்டுத் தேய்த்து, எட்டாக மடிப்பேன். ஒரு ஆளுக்கு ஒரு மடிப்பு. மடிப்பு எட்டு, ஆள் அறுபது. இருந்தாலும் முறை தவறாமல் சுற்றிச் சுற்றி வருவேன். ஏனோதானோ என்று துடைத்ததில்லை.

மேல் லயத்து வீட்டு வரிசையில் இருந்த கங்காணியின் சம்சாரத்துக்கு இந்தத் துணியின் மேல் ஒரு கண். எனக்கு மதினி முறை. கங்காணி வீட்டு ஆள் நிற்க வேண்டிய இடத்தில் கொழுந்தெடுக்கிறவள் நிற்கிறாளே என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் மலைத் தண்ணீர் வந்து விழும் பீலியில் குடம் பிடிக்கும்போது, என் துணியில் கருவாட்டு வாடை வருகிறது என்று எனக்குக் கேட்கும்படி சொன்னாள். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.

சுதந்திரம் வந்த வருடம் பிறந்த என் மூத்தவனுக்கு அப்போது எட்டு வயது. தபசு தொடங்கிய வாரத்தில் அவனுக்குக் காதுக்குக் கீழே வீங்கி, முகம் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. பொன்னுக்கு வீங்கி. பேரிலேயே மருந்து இருக்கிறதே, கழுத்தில் பொன்னைப் போட்டால் இறங்கிவிடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் தாய் எனக்குப் போட்ட சங்கிலி இருந்தது, நுனியில் சின்னப் பொன் குருசோடு. எங்கள் லயத்தில் பொன் என்று இருந்தது அது ஒன்றுதான். அதை அவன் கழுத்தில் போட்டு, காலையும் மாலையும் குருசை முத்தி செய்யச் சொன்னேன். ஆறு நாளில் வீக்கம் இறங்கிவிட்டது.

பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராக்காரி வந்தாள்.

“அக்கா, எம்புள்ளைக்கு இன்னும் வீங்கல. முன்கூட்டியே ஒரு ராவு போட்டு வச்சா வராதுன்னு சொல்றாங்க. தாறீங்களா?”

“தாறேன். வெளக்கு வைக்கும்போது முத்தி செய்யச் சொல்லு, சும்மா நகையாப் போட்டு வைக்காத” என்றேன்.

அப்படியே சங்கிலி வீடு வீடாகப் போனது. வீங்கிய பிள்ளைக்கு இறங்குவதற்கு, வீங்காத பிள்ளைக்கு வராமலிருப்பதற்கு. இந்துச் சனமும் வந்து வாங்கிக்கொண்டு போனது. பொன்னுக்கு மதம் ஏது. கேட்டவர்களில் ஒருத்திக்கும் நான் இல்லை என்று சொன்னதில்லை. கங்காணி வீட்டிலிருந்து மட்டும் யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

மூன்று வாரம் போனது. நோய் குறைய வேண்டும், அதுதானே நியாயம். ஆனால் லயம் முழுவதும் வீங்கிய முகமாகத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துபோனார்கள். அப்போது பீலியில் வைத்து மதினி வாயைத் திறந்தாள்.

“கோயில்ல அத்தன பேரு எச்சியையும் ஒரு துணியில தொடச்சா வேற என்ன வரும்? ஊட்டுக்கு ஊடு நோவக் கொண்டுபோயிக் குடுக்கிறது அந்தத் துணிதான்.”

இந்தப் பேச்சு உபதேசியார் காதுக்குப் போனது. நல்ல மனிதர், ஆனால் கங்காணியைக் கண்டால் எழுந்து நிற்கிறவர். என்னைக் கூப்பிட்டு, “கோவிச்சுக்காதம்மா. டாக்டர் ஐயாகிட்டக் கேக்கலாம். துணியில குத்தமின்னு அவரு சொன்னா, பெரிய வெள்ளிக்கு மதினி புதுத் துணியோட நிக்கட்டும்” என்றார்.

பெரிய வெள்ளி என்றால் சும்மா இல்லை. அன்றைக்குச் சாமியாரே குருசு பிடிப்பார். சுற்றிலும் நாலு தோட்டத்துச் சனம் வரும். அத்தனை பேர் முன்னால் துணியைப் பறிகொடுத்துவிட்டு வரிசையில் நிற்பதைவிட மொனராகலைப் பக்கம் போய்க் காடு வெட்டலாம் என்று இருந்தது எனக்கு.

உபதேசியார் கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை. மறுநாள் துணியைத் தேய்த்து மடித்து, வாழையிலையில் சுற்றிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனேன். டாக்டர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். அவர் பேசுவது பாதி புரியும், மீதியை அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம்.

“ஐயா, இந்தத் துணியப் பாத்து, குத்தம் இல்லேன்னு ஒரு துண்டுக் கடுதாசி எழுதிக் குடுங்க” என்றேன்.

அவர் துணியை விரித்துப் பார்த்தார். “உதென்ன, துணிக்கும் வருத்தமோ?” வருத்தம் என்று அவர் நோயைத்தான் சொல்லுவார்.

விஷயத்தைச் சொன்னேன். “ஓ, கூகைக்கட்டோ” என்றார். பொன்னுக்கு வீங்கிக்கு அவர் ஊர்ப் பேர் அது.

எனக்குப் பின்னால் பிள்ளையோடு நின்ற ஒருத்தி, “கூகையா? எங்க லயத்துல ஆந்தையே இல்லீங்களே ஐயா” என்றாள்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். அவள் இடுப்பிலிருந்த பிள்ளையின் முகம் நன்றாக இருந்தது. கழுத்தில் என் சங்கிலி. பொன் குருசை வாய்க்குள் போட்டு, மிட்டாய் மாதிரிச் சப்பிக்கொண்டிருந்தது.

“உந்தச் சங்கிலி ஆற்றை?”

“என்னுதுங்க” என்றேன். என்ன இருந்தாலும் பெருமையாகத்தான் இருந்தது.

“நேற்று ஆரிட்டை இருந்தது?”

“மூணாங் காம்பரா மகக்கிட்ட. அதுக்கு வீங்கி நாலு நாளுங்க.”

“அதுக்கு முந்தி?”

நான் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னேன். எந்த வீடு, எந்தப் பிள்ளை, எத்தனை நாள் போட்டது, ஒன்று விடவில்லை. எனக்கு எழுத்துத்தான் குறைவு, ஞாபகம் குறைவில்லை. அவர் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தார். என் தரும குணத்தை எழுதுகிறார் என்று நினைத்து, நானும் நிதானமாகச் சொன்னேன்.

“எல்லாப் பிள்ளையளும் உந்தக் குருசைக் கொஞ்சினவையோ?”

“காலையும் மாலையும் முத்தி செஞ்சாங்க, ஐயா. நான்தான் கட்டளையாச் சொல்லி வச்சேன்.”

“கங்காணி வீட்டுப் பிள்ளையள்?”

“அவங்களுக்கு நான் குடுப்பேனா?”

“அவையளுக்கு வருத்தம் வந்ததோ?”

“இல்லீங்க.”

“அவையள் கோயிலுக்கு வாறேல்லையோ?”

“வாராம என்னங்க. வெள்ளிக்கு வெள்ளி முன் வரிசையில நின்னு முத்தி செய்யிறாங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. டாக்டர் ஐயா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“கோயிலிலை ஒவ்வொரு ஆளுக்கும் துடைக்கிறீர். இதை ஒருக்காலெண்டாலும் துடைச்சனீரோ?”

பொன்னை யாராவது துடைப்பார்களா. “துணியில குத்தம் இல்லதானுங்களே?” என்று மட்டும் கேட்டேன்.

“துணியிலை இல்லை.”

“அத மட்டும் எழுதிக் குடுங்க. சங்கிலி விஷயம் வேணாங்க.”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார், இங்கிலீஷில். சங்கிலியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து என் கையிலேயே தந்து, இனிமேல் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றார்.

துண்டை உபதேசியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இங்கிலீஷ் என்றதும் அவர் மேலும் கீழும் பார்த்து, “சரியாத்தான் எழுதியிருக்காரு” என்று மடித்து வைத்துக்கொண்டார். துணி எனக்கே என்றாகிவிட்டது. அன்றைக்குப் பீலியில் நான் குடத்தை மூன்று தடவை கழுவினேன், மதினி வரும்வரைக்கும்.

பெரிய வியாழன் காலையில் எழுந்து பார்த்தால் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் கல்லு மாதிரி இருந்தது. சங்கிலி வீடு வீடாகச் சுற்றியபோது நடுவில் நாலைந்து நாள் அதை நானும்தான் போட்டிருந்தேன். என் சொந்தக் கட்டளையை மீறுவேனா, முத்தியும் செய்திருந்தேன்.

வீக்கம் வற்றும்வரை காம்பராவை விட்டு வெளியே வரக் கூடாது என்று டாக்டர் ஐயா சொல்லி அனுப்பினார். துணியைக் கஞ்சி போட்டுத் தேய்த்து எட்டாக மடித்து வைத்திருந்தேன். அதை மகனிடம் கொடுத்து மதினி வீட்டுக்கு அனுப்பினேன். அவள் புதுத் துணி வாங்கிக்கொண்டு நிற்பதைவிட என் துணியோடு நிற்கட்டும் என்று.

வெள்ளிக்கிழமை முழுவதும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். பொழுது சாயும் நேரம் மதினி வந்து வாசலிலேயே நின்றாள். பேசாமலிருந்தவள் முதல் முதலாகப் பேசினாள்.

“இந்தாங்க ஒங்க துணி.”

பேச முடியாததால், எப்படி நடந்தது என்று கையால் கேட்டேன்.

“என்னத்த நடக்க. அந்த டாக்டர் துண்ட உபதேசியாரு சாமிகிட்டக் குடுத்துட்டாரு. சாமி அத வாசிச்சுட்டு, ஒங்க சங்கிலிக் கதையெல்லாம் சொல்லிச் சிரிச்சாரு. பொறவு, நோவு நிக்கிறவரைக்கும் யாரும் முத்தி செய்யக் கூடாது, முழங்கால் போட்டுக் கும்பிட்டுட்டுப் போங்கன்னுட்டாரு. நாலு தோட்டத்துச் சனமும் கும்பிட்டுட்டுப் போவுது. நான் துணியப் புடிச்சிக்கிட்டுக் கல்லு மாதிரி நிக்கிறேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தாடை வலித்தது. தாடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

“சிரிங்க, சிரிங்க. ஒங்க கதையக் கேட்டு அவங்க சிரிச்சதுக்கு இது கொறச்சல்தான்” என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் துணியை விரித்துப் பார்த்தேன். கஞ்சி கலையவில்லை, நான் மடித்த எட்டு மடிப்பும் அப்படியே இருந்தது. ஒரு மடிப்புக்கூட நனையவில்லை. அடுத்த வருடம் பெரிய வெள்ளிக்கு அதே துணியோடு நான்தான் நின்றேன். மதினி வந்து முத்தி செய்துவிட்டு நிமிர்ந்தபோது, அவளுக்கென்று புது மடிப்பு ஒன்றைத் திருப்பி, மற்றவர்களுக்குத் துடைத்ததைவிட ஒரு தடவை கூடுதலாகத் துடைத்தேன்.