பாஷாணம் தடவிய திருக்கை

ராயபுரத்து ஞானம், கடலில் கால் வைக்காமல் மீனால் பிழைத்த மனிதர். தகப்பனும் அண்ணனும் கட்டுமரக்காரர்கள். இவருக்கோ மரத்தில் ஏறிய மாத்திரத்தில் குடல் வாய்க்கு வந்துவிடும். ஆகையால் துறைமுகத்துக்கு எதிரே இருந்த மாலுமிகள் விடுதியில், மாடி அறையில் வைத்திருந்த செத்த மீன்களுக்குக் காவலாளாகச் சேர்ந்தார். செத்த மீன் அலையில் ஆடாது என்று நம்பினார்.

ஆடவில்லைதான், சும்மாவும் இருக்கவில்லை. எந்தக் காலத்திலோ ஒரு கப்பல் கனவான் தானமாகக் கொடுத்துவிட்டுப் போன சேகரம் அது. சாராயக் குப்பியில் இருந்த கிளிமீன் பச்சையெல்லாம் இழந்து வெந்த முட்டைபோல வெளுத்துக் கிடந்தது. சாராயம் மட்டும் டீத்தண்ணீர் நிறத்துக்கு ஏறியிருந்தது. வைக்கோல் அடைத்த வஞ்சிரம், செத்துப் பல வருஷமாகியும், வெயில் காலம் வந்தால் தோலில் எண்ணெய் கசிந்தது. கொடுவா உலர்ந்து சுருங்கியதில் அதன் கண்ணாடிக் கண் கழன்று விழுந்து, தேடி எடுத்துப் பசை போட வேண்டியிருந்தது. செத்தபின் பாவம் தீர வேகிற உத்தரிக்கிற ஸ்தலம் ஆத்துமாக்களுக்கு மட்டுந்தான் என்று பங்குச்சாமியார் சொன்னதை ஞானம் முழுதாக நம்பாமல் போனது இந்த அறையினால்தான். அங்கே மாறாமல் இருந்தவை பெயர்ச் சீட்டுகள். "பசுமையான மேனியுடையது" என்று கிளிமீனின் சீட்டு இன்னமும் வெட்கமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

அறைக்கு மேலதிகாரி ஹென்றி துரை, பெரம்பூர் ரயில்வே குடியிருப்பிலிருந்து வருகிற ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர். ஞானம் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர் ஒரு உபதேசம் செய்தார். குப்பியில் இல்லாத மீன் எல்லாம் பூச்சி அண்டாமலிருக்கப் பாஷாணம் தடவியவை. தொட்டால் கை கழுவ வேண்டும், வாயில் பட்டால் சவப்பெட்டிக்குச் சொல்லிவிட வேண்டும். ஞானம் அன்றிலிருந்து கழுவிய கழுவலில் உள்ளங்கைத் தோலே உரிந்துவிட்டது.

இருபத்தாறாம் வருஷத்து ஐப்பசி மழையில், பலகையில் ஆணியடித்து வைத்திருந்த திருக்கைமேல் வெள்ளைப் பூஞ்சை பூத்தது. விடுதிக் கமிட்டியார் பார்வையிட வருகிறார்கள், அதற்குள் சுத்தம் பண்ணி வை என்று துரை உத்தரவு போட்டார். எப்படி என்று சொல்லவில்லை. வேறு ஊர்க்காரனாயிருந்தால் துணியால் துடைத்திருப்பான். ஞானம் ராயபுரத்துக்காரர். மீனில் ஈரம் கண்டால் மணலுக்குக் கொண்டுபோவதுதான் அவர் கண்ட சாஸ்திரம். ஆணியைப் பிடுங்கி, சீட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, திருக்கையைக் கோணியில் சுருட்டினார். அண்ணி சிலுவையம்மாள் கருவாடு காயப்போடும் இடத்துக்குப் போய், ஒரு ஓரமாக, மற்ற மீனில் படாமல் விரித்து வைத்தார். விடுதிச் சாமானை வெளியே எடுத்ததற்கே வேலை போகும் என்பதால் யாரிடமும் மூச்சு விடவில்லை. பிறகு டீ குடிக்கப் போனார்.

அந்த மணலில் ஒரு வழக்கம் உண்டு. மேகம் கறுத்தால் யார் மீன், யார் பாய் என்று பார்க்கமாட்டார்கள். கிட்டே இருக்கிறவர்கள் எல்லா மீனையும் கைக்கு வந்த கூடையில் வாரிப் போட்டுக் கொட்டகைக்கு ஓடிவிடுவார்கள், பங்கெல்லாம் பிறகு. ஞானம் டீக்கிளாஸைக் கீழே வைக்கும்போது மழை கொட்டியது. ஓடிவந்து பார்த்தபோது மணல் சுத்தமாக இருந்தது. அவருடைய திருக்கையையும் யாரோ புண்ணியவதி காப்பாற்றியிருந்தாள்.

கொட்டகையில் கூடை கூடையாகத் திருக்கை. ஞானம் ஒவ்வொன்றாகப் புரட்டினார். தினமும் தூசி தட்டிய மீனை, கிறிஸ்துவும் சம்மனசுகளும் வந்து கேட்டாலும் அடையாளம் காட்ட அவரால் முடியவில்லை. மீனெல்லாம் மழையில் ஊறி உப்பி, ஆணித் துளையும் பூஞ்சையும் தெரியாமல் போய், ஒன்றின் தண்ணீர் இன்னொன்றில் இறங்கியிருந்தது. கிறிஸ்மஸுக்கு நல்ல திருக்கை பொறுக்குகிறார் என்று பெண்கள் கேலி செய்தார்கள். அவர் சிரித்தும் வைத்தார். அந்தச் சிரிப்புக்காக வாழ்நாள் முழுதும் தம்மை மன்னிக்கவில்லை.

மழை விடாததால் மூன்று நாள் கூடைகள் கொட்டகையிலேயே இருந்தன. சொன்னால் வேலை போகும். அது போகட்டுமென்றாலும், பெண்களின் மழைக்காலச் சோறு முழுக்க அந்தக் கூடைகளில் இருந்தது. சொல்லாவிட்டால் தண்டையார்பேட்டையில் எந்த வீட்டுச் சட்டியில் சாவு வேகுமோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவர் நற்கருணை வாங்க எழுந்திருக்கவில்லை. முன்வரிசையில் நாக்கை நீட்டிய ஒவ்வொருவரையும், இவர் திருக்கை தின்கிறவரா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் காலை சந்தைக்குப் போக மாட்டு வண்டி வந்தது. கூடைகளை ஏற்றியானதும் ஞானம் மாட்டுக்கு முன்னால் போய் நின்றார்.

"அண்ணி, கூடைய இறக்கச் சொல்லு. அதுல வெசம் கீது."

நடந்ததை எல்லாம் சொன்னார். சிலுவையம்மாள் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பத்துலேர்ந்து ஒனக்குத் தெரியும்?"

"மய பேஞ்ச அன்னைலேர்ந்து."

"அன்னைலேர்ந்து எங்கூட்ல குந்திகினு, எங்கையால சோறு வாங்கித் துன்னுகினு கீற."

அதற்குமேல் அவள் திட்டவில்லை. அலை எட்டாத இடத்தில் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டி, கூடையோடு எல்லாவற்றையும் புதைத்தார்கள். அதில் பாதி பிலோமியுடையது. புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு இரண்டு பிள்ளைகளை வைத்திருப்பவள். அவள்தான் ஞானத்தின் கையைப் பிடித்து, வேலை போகும் என்று தெரிந்தும் சொன்னீரே, கர்த்தர் உம்மைப் பார்த்துக்கொள்வார் என்றாள். அன்று மாலைக்குள் ராயபுரத்தில் அவர் பெயர் உண்மைக்கார ஞானம்.

உண்மைக்காரர் நேரே ஹென்றி துரையிடம் போய்த் திருக்கை போன கதையைச் சொல்லி, அறைச் சாவியை மேஜைமேல் வைத்தார். துரை எழுந்து கதவைச் சாத்தினார்.

"பாஷாணமா? அதுலயா? அசல் திருக்கைய பூச்சி துன்னு தீத்து எத்தினி வருஷம் ஆச்சு, மேன். வால்தான் மிஞ்சிச்சு. நான் மணல்ல ஒரு கருவாடு வாங்கியாந்து ஆணி அடிச்சேன். சீட்டு பழசு, மீன் புச்சு."

"அப்ப மருந்து?"

"கருவாட்டுக்கு எதுக்கு மேன் மருந்து? அதான் உப்பு கீதே."

மருந்து தடவாததால்தான் பூஞ்சை பிடித்தது. மேலே இருப்பதில் இன்னும் சிலதும் அப்படித்தான் என்று துரை ஒத்துக்கொண்டார். கமிட்டி வருவதற்குள் வேறொரு திருக்கை வாங்கி வா, வாயை மூடிக்கொள், உன் வேலைக்கு நான் பொறுப்பு என்று சாவியைத் திருப்பித் தந்தார். ஞானம் வாங்கிக்கொண்டார். புதைத்தது மீன், வெறும் மீன். சொல்லாமல் இருந்து மூன்று நாள் கொலைகாரனாக இருந்தவர், சொன்னதனால் பெண்களின் சோற்றுத் திருடனானார்.

கிறிஸ்து பிறப்புக்குக் காத்திருக்கும் திருவருகைக் காலம் முழுதும் அதைச் சுமந்தார். பெண்கள் வழியில் கண்டால் முக்காட்டை இழுத்து மரியாதை செய்தார்கள். அவர் சந்து மாறிப் போனார். கிறிஸ்மஸுக்கு முன் வாரம் துறைமுக வாசலில் பிலோமி எதிரே வந்து நின்றாள். கருவாடு போனபின் அவள் நிலக்கரி சுமக்கிறாள். கண்ணைத் தவிர எல்லாம் கறுப்பு.

"நீ சொல்லலன்னா எங்கொயந்தைங்களே துன்னுருக்கும், மாமா," என்றாள்.

ஞானத்தால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. துரை சொன்னதை அப்படியே சொல்லிவிட்டார். பிலோமி தரையில் வைத்திருந்த கரிக்கூடையில் சரிந்த கரியை எடுத்து அடுக்கினாள்.

"இத்த வேற யாராண்டயும் சொல்லிக்கினியா?"

"இல்ல."

"சொல்லாத. அவங்கல்லாம் வெசத்தப் பொதச்சோம்னு நிம்மதியா தூங்கறாங்க. சோத்தப் பொதச்சோம்னு தெரிஞ்சா ஒருத்தியும் தூங்கமாட்டா. ஒங்கூட நான் ஒருத்தி முயிச்சினு கீறேன், போதும்."

பிறகு தலையில் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"கூடைய ஒரு கை புடிச்சு ஏத்தி வுடு."

ஞானம் குனிந்து, கரிக்கூடையைத் தூக்கி அவள் தலையில் வைத்தார்.