மாடி வீட்டு மாத்திரை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஜனவரி மாதம் நடந்தது இது. டெல்லி ஜனக்புரியில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் தரைத்தளம் எங்களுடையது. நேர் மேலே முதல் மாடியில் என் சிநேகிதி. நான் திருநெல்வேலிப் பக்கம், அவள் கும்பகோணம். பதினெட்டு வருடப் பழக்கம். கறிவேப்பிலையிலிருந்து பிரஷர் குக்கர் கேஸ்கட் வரை எல்லாம் படி ஏறி இறங்கும்.

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைச் சொல்வது சுலபம். டெல்லிக் குளிரில் வெயில் அவள் பால்கனியில்தான் விழும், என் வீட்டில் விழாது. சூரியனே அவளுக்குத்தான் வேண்டியவன் என்று அதற்குக்கூட எனக்கு வயிறு எரிந்திருக்கிறது.

அந்தக் குளிர்காலத்துக்கு முன்னாலேயே எனக்கு மனசு சரியில்லாமல் போயிருந்தது. மகள் வேலைக்காகப் பெங்களூர் போனதாலா, வயதாலா, எனக்குத் தெரியாது. காய் நறுக்கும்போது அழுகை வரும். விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அதோடு தூக்கம் போச்சு. கணவர் மத்திய அரசு ஊழியர் என்பதால் டிஸ்பென்சரி மூலமாகப் பெரிய ஆஸ்பத்திரி மனநல மருத்துவரிடம் போனோம். மன அழுத்தம் என்று சொல்லி, காலையில் சாப்பிட்டபின் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நீங்களாக நிறுத்தக்கூடாது, நீங்களாகக் கூட்டவும் கூடாது, வேறு எந்த மருந்து சாப்பிட்டாலும் சொல்ல வேண்டும் என்றார். நான் பவ்யமாகத் தலையாட்டினேன்.

கணவரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் அதே மாதம் மாடி வீட்டுக்காரி ஒரு நாள் காபி குடித்துக்கொண்டே, தானும் இப்படி ஒரு டாக்டரிடம் போய் மாத்திரை சாப்பிடுவதாக என்னிடம் போட்டு உடைத்தாள். தெற்கு டெல்லியில் பெரிய பிரைவேட் கிளினிக். "நானும்தான்டி" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டை வைத்தவள் மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு, "அப்படியா, உடம்பைப் பார்த்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்ப்பதே என் வேலையாகிவிட்டது. தலை பின்னிக்கொண்டாள். காலையில் பார்க்கில் நடக்கப் போனாள். வெள்ளிக்கிழமை மதியம் நாங்கள் ஐந்தாறு தமிழ்ப் பெண்கள் அவள் வீட்டில் கூடிச் சகஸ்ரநாமம் சொல்வோம். அங்கே அவள் சிரித்த சிரிப்பு படிக்கட்டு வரை கேட்டது. எனக்கோ மூன்று வாரமாகியும் வாய் உலர்ந்ததுதான் மிச்சம். பிரைவேட் டாக்டர் என்றால் சும்மாவா, அவளுக்கு அசல் மருந்து, எனக்கு டிஸ்பென்சரியில் கொடுக்கும் ஏதோ ஒன்று என்று முடிவே கட்டிவிட்டேன். அவளுடையது இளஞ்சிவப்பு, பளபளவென்று இருக்கும். என்னுடையது சாக்பீஸ் மாதிரி வெள்ளை. நிறத்தைப் பார்த்தே பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பாராயணம் முடிந்து அவள் சுண்டல் எடுக்க உள்ளே போனாள். மற்றவர்கள் ஜமக்காளம் மடித்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு மேஜை மேல் அவள் மருந்து டப்பா இருந்தது. என் கை என்னை அறியாமல் போனது என்று எழுத ஆசைதான். அறிந்தேதான் போனது. பத்து மாத்திரை உள்ள ஒரு அட்டையை எடுத்து ஹேண்ட்பேக்கின் பக்கவாட்டு ஜிப்பில் வைத்தேன். அட்டையின் பின்புறம் ஒவ்வொரு மாத்திரைக்கும் நேராக 'தி', 'செ', 'பு' என்று பால்பாயிண்ட் பேனாவால் கிழமை எழுதியிருந்தாள். மறதியில் ஒரே நாளில் இரண்டு போட்டுவிடக்கூடாது என்று அவள் செய்யும் ஏற்பாடு. அதைப் பார்த்தும் நான் திருப்பி வைக்கவில்லை.

காலையில் என் மாத்திரை, மதியம் அவள் மாத்திரை என்று ஆரம்பித்தேன். மூன்று நாளில் முகம் பளிச்சென்று ஆகவில்லை என்று திங்கட்கிழமை அவளுடையதில் இரண்டு போட்டேன். செவ்வாய்க்கிழமை மதியம் வரை காத்திருக்கவும் பொறுமையில்லை, காலையிலேயே என் மாத்திரையோடு அவளுடையது இரண்டையும் சேர்த்து விழுங்கினேன். அந்த வாரம் இருமல் வேறு. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சிரப்பையும் மூடி மூடியாகக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று பதினோரு மணி இருக்கும். கணவர் ஆபீஸ் போயிருந்தார். அரிசி களையும்போது கை நடுங்கிப் பாத்திரம் நழுவியது. வயிறு இரண்டு தடவை போயிற்று. நெஞ்சு படபடவென்று அடித்தது. ஸ்வெட்டரைக் கழற்றியும் வேர்த்துக் கொட்டியது. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஃபேனைப் போட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாடி வீட்டுக்காரி கொத்தமல்லிக் கட்டோடு உள்ளே வந்தாள்.

"என்னடி இது, ஜனவரி மாசத்துல ஃபேனா?" என்று சிரித்துக்கொண்டே வந்தவள், என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். கொத்தமல்லியை அப்படியே போட்டுவிட்டு என் கையைப் பிடித்தாள். "ஐயோ, இப்படி உதறுதே. கிளம்பு, ஜல்தி!"

அவள் சால்வையை எனக்குப் போர்த்தி, என் ஹேண்ட்பேக்கை அவள் தோளில் மாட்டிக்கொண்டு, ஆட்டோவில் ஏற்றி, பக்கத்து ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குக் கொண்டுபோனாள். வழியிலேயே என் கணவருக்கும் போன் செய்தாள்.

டாக்டர் சின்னப் பெண். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தாள். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினாள். கால் அவள் இடுப்பில் உதைக்கிற மாதிரி துள்ளியது. என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று ஹிந்தியில் கேட்டாள். டிஸ்பென்சரி மாத்திரையின் பெயரைச் சொன்னேன். என் சிநேகிதி சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். வேறு ஏதாவது, என்றாள் டாக்டர். இல்லை என்றேன்.

மறுபடி கேட்டாள். மறுபடி இல்லை என்றேன். அப்போது அந்தப் பெண் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னாள். நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று தெரியாமல் நான் மருந்து கொடுத்தால், அதுவே உங்களை இன்னும் மோசமாக்கலாம். காய்ச்சல் ஏறினால் உயிருக்கே ஆபத்து.

எனக்கு உயிர் வேண்டும். ஆனால் யார் மாத்திரையை எடுத்தேனோ அவளே பக்கத்தில் என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "கொஞ்சம் தண்ணி வாங்கிட்டு வாயேன்" என்றேன். "பாட்டில் கொண்டு வந்திருக்கேன்" என்று நீட்டினாள். அந்த நிமிஷத்திலும் இவள் எல்லாவற்றிலும் முந்திக்கொள்கிறாளே என்று ஒரு எரிச்சல் வந்தது பாருங்கள், அதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

வேறு வழியில்லை. "பேக்ல சைடு ஜிப்பைத் திற" என்றேன்.

திறந்தாள். அட்டையை எடுத்தாள். முன்பக்கம் பார்த்தாள், திருப்பினாள். ஏழு குழி காலி. மிச்சமிருந்த மூன்றின் பின்னால் அவளுடைய கையெழுத்து. அதை டாக்டரிடம் கொடுத்தாள். நான் டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன், இருமல் சிரப் உட்பட.

டாக்டர் நான் சொன்ன பெயரைப் போனில் தேடி, அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள். பிறகு இரண்டையும் எங்களிடம் காட்டினாள். பெரிய எழுத்தில் இருந்த கம்பெனிப் பெயர்கள் வேறு வேறு. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த மருந்தின் பெயர் ஒன்றுதான். அளவும் அதே. நான் எதைப் பார்த்து வயிறெரிந்து எடுத்தேனோ, அது ஒரு மாதமாக என் வீட்டுச் சமையலறை அலமாரியில் இருந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து அளவு மீறிவிட்டது. நான் குடித்த இருமல் மருந்தும் அதோடு ஒத்துப்போகாத வகை என்றாள்.

டிரிப்ஸ் ஏற்றி மறுநாள் வரை வைத்திருந்தார்கள். பயத்தில் இனி எந்த மாத்திரையும் வேண்டாம் என்றேன். அதுவும் தப்பு என்று என் மருத்துவரைக் கலந்து பேசி, சில நாள் விட்டு, அதே வெள்ளை மாத்திரையை ஒரு வேளை மட்டும் ஆரம்பிக்கச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவள் ரசம் சாதம் கொண்டுவந்தாள். கிண்ணத்தை டங்கென்று வைத்தாள்.

"எடுத்ததுக்குக்கூடக் கோவம் இல்லடி. நானும் மாத்திரை சாப்பிடறேன்னு ஒரு வார்த்தை சொல்லாம இருந்தியே, அதுக்குத்தான்."

கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். "இல்ல, எடுத்ததுக்கும்தான்" என்றாள்.

பிறகுதான் சொன்னாள். அவளுக்கு முதலில் கொடுத்த மாத்திரை ஒத்துக்கொள்ளவே இல்லையாம். இரண்டாவதுதான் இது, இதை நான்கு மாதமாகச் சாப்பிடுகிறாளாம், என்னிடம் சொல்வதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே. "பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டு அழுதுட்டு வந்துதான் உங்களுக்கெல்லாம் சுண்டல் குடுத்தேன். சிரிப்பு இப்பத்தான் வருது. அதுவும் உனக்குப் பொறுக்கல."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் கையை உருவிக்கொள்ளவில்லை, ஆனால் "ரசம் ஆறுது" என்றாள்.

ஏப்ரல் மாதம் ஒரு நாள் காலை, காய்கறி வண்டிக்காரரிடம் கொசுறு கொத்தமல்லிக்காக நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் எனக்கே தெரிந்தது, இது பழைய நான். மேலே பால்கனியிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது டிஸ்பென்சரியில் எந்தக் கம்பெனி அட்டை கொடுத்தாலும் கண்ணாடி போட்டுப் பொடி எழுத்தைப் படிக்கிறேன், பின்புறம் கிழமை எழுதுகிறேன், இருமலுக்குக்கூட டாக்டரிடம் கேட்காமல் எதுவும் வாங்குவதில்லை. பொறாமை முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த வெயில் இன்னும் அவள் பால்கனியில்தான் விழுகிறது. வெள்ளிக்கிழமைகளில் நான் உள்ளே நுழைந்ததும் அவள் மேஜை மேல் இருக்கும் மருந்து டப்பாவை எடுத்து, என் கண் முன்னாலேயே பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் காபி போடப் போகிறாள். அந்தச் சாவி திரும்பும் சத்தம் ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்று குத்துகிறது. ஆனாலும் என் உயிர் மேல் இவ்வளவு அக்கறையாக வேறு யாரும் எதையும் பூட்டி வைத்ததில்லை.