இருபத்தேழு கார்களும் கொஞ்சம் சுண்டைக்காயும்

என் மாமாவிடம் இருபத்தேழு கார்கள் இருந்தன. ஒன்றையும் ஓட்டத் தெரியாது. தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி ஆபீஸ் போய், அதே ட்ரெயினில் நின்றுகொண்டே திரும்பி வருகிறவருக்கு ஓட்டத் தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது? தவிர, அவருடைய கார்களில் பெரியதே ஒரு சாண் நீளம்தான். எல்லாம் பீரோவுக்குள் அட்டைப்பெட்டிகளில் குடியிருந்தன.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. முப்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை, சேலையூரில் எங்கள் வீட்டோடு இருந்தார். அவற்றைப் பொம்மை என்று யாராவது சொன்னால் அன்றைக்குச் சரியாகச் சாப்பிட மாட்டார். உலோகத்தில் வார்த்த பழைய காலத்துக் கார்கள் அவை. கதவு திறக்கும், ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன் சக்கரம் திரும்பும், பானெட்டைத் தூக்கினால் உள்ளே இன்ஜினுக்குப் போகும் ஒயர்கூட இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, ஃபேன்ஸி ஸ்டோரில் வாங்கிய முகப்பவுடர் பிரஷ்ஷால் தூசி தட்டுவார். அந்த பிரஷ்ஷை முதன்முதலில் அவர் பையில் பார்த்தபோது அம்மா இரண்டு நாள் கவலையாக இருந்தாள்.

அவற்றில் வெளிர்நீல பீட்டில் கார் மட்டும் மாமா வாங்கியது இல்லை. ஆபீஸில் அவரோடு வேலை பார்த்த ஓர் அக்கா, ஒரு கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு கொண்டுவந்து கொடுத்தது. எனக்கு அந்தக் கேக்தான் நன்றாக ஞாபகம் இருக்கிறது. முந்திரியை அள்ளிப் போட்டிருந்தார்கள்.

தொட அனுமதி இல்லையென்றாலும் பக்கத்தில் உட்கார எனக்கு அனுமதி உண்டு. அப்படி உட்கார்ந்துதான் பதினெட்டில் ஒரு பங்கு என்ற பாடத்தைக் கற்றுக்கொண்டேன். நிஜக் காரில் எது இருக்கிறதோ அது இதிலும் இருக்க வேண்டும், பதினெட்டால் வகுத்த அளவில் இருக்க வேண்டும். ஒரு பொருள் அளவு மாறினாலும் மொத்தமும் கெட்டது என்பார் மாமா. நாலாம் வகுப்பில் எனக்கு வகுத்தல் வராது. ஆனால் சின்ன வண்டிக்குச் சின்னச் சாமான் என்பது மட்டும் மண்டையில் ஏறிவிட்டது.

அதற்குமுன் மாமாவுக்கு இரண்டு இடம் பார்த்துத் தட்டிப்போயிருந்தது. ஒன்று ஜாதகம். இன்னொன்றில் பெண்ணின் சித்தப்பாவை உட்காரவைத்து ஒரு மணி நேரம் கார்களைக் காட்டினார் மாமா. அந்த மனிதர் பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர்தான். மூன்றாவது இடம் குரோம்பேட்டை. பெண் கணக்கு டீச்சர். பத்துக்கு ஒன்பது பொருத்தம் இருந்தது. அம்மா திருநீர்மலைப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டதோடு நிற்காமல், தம்பிக்கும் உத்தரவு போட்டுவிட்டாள்.

"பீரோவப் பூட்டிடு. கார் பேச்சே எடுக்கக் கூடாது. எடுத்தே, அப்புறம் நான் உனக்கு அக்கா இல்ல."

மாமா தலையாட்டினார். பூட்டினார். சாவி எப்போதும்போல அவர் பேன்ட் பாக்கெட்டுக்குள் போயிற்று.

பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருவதாக இருந்தது ஆயுத பூஜை அன்று. எல்லோருக்கும் லீவு நாள் என்று அந்தத் தேதி. வழியில் திருநீர்மலைக்கும் போவதால் பெண்ணும் கூடவே வருகிறாள் என்றார்கள். காலையில் அப்பாவின் ஸ்கூட்டர், என் சைக்கிள், மிக்ஸி, தையல் மெஷின், அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. அப்பா எலுமிச்சம்பழத்தின் மேல் ஸ்கூட்டரை ஏற்றி நசுக்கினார். மாமா பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு அம்மா கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். பெண் வீட்டாருக்குத் தெரு தெரியாது என்று மாமா பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "எல்லார் வண்டிக்கும் பொட்டு வெச்சாச்சு. என் வண்டிங்கதான் பாவம்."

அவர் போன பிறகு பார்த்தேன். டி.வி. மேல், சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், பீரோ சாவி இருந்தது.

எனக்கு மாமாமேல் அவ்வளவு பிரியம். அவர் பாவமாக இருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இருபத்தேழு கார்களையும் பெட்டியிலிருந்து எடுத்து, ஹாலில் வாசற்படி தொடங்கி சோபா வரைக்கும் வரிசையாக நிறுத்தினேன். ஒவ்வொன்றின் பானெட்டிலும் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம். முல்லைப் பூவைக் கிள்ளி ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒன்று. எலுமிச்சம்பழத்தை வைத்தபோதுதான் தவறு புரிந்தது, வண்டியைவிடப் பழம் உயரமாக இருந்தது. பாடம் கைகொடுத்தது. காம்பவுண்டு ஓரச் செடியிலிருந்து சுண்டைக்காய் பறித்து வந்து, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து, அப்பா செய்ததைப் போலவே ஒவ்வொரு காரையும் மேலே ஏற்றி அழுத்தினேன். பதினாலாவது கார் ஏறும்போது வாசலில் பேச்சுக்குரல் கேட்டது.

பெண்ணின் அப்பா, அம்மா, பின்னால் பெண். காலை வைக்க இடமில்லாமல் மூவரும் வாசற்படியிலேயே நின்றார்கள். கரண்டியோடு வந்த அம்மா அப்படியே நின்றாள். மாமா மட்டும் செருப்பை நிதானமாகக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"இதெல்லாம் யாரோடது?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

"என்னோடதுதான் சார்" என்றார் மாமா.

அந்தப் பெண் புடவையை ஒதுக்கிக்கொண்டு என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். சுண்டைக்காய் எதற்கு என்று கேட்டாள். பதினெட்டில் ஒரு பங்கைப் பற்றி எனக்குத் தெரிந்த அத்தனையும் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அப்படின்னா சுண்டைக்காய் பெருசாச்சே பாப்பா. எலுமிச்சம்பழத்தைப் பதினெட்டால வகுத்தா கடுகுதானே வரும்?"

மாமா அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மறுபடி தரையைப் பார்த்தார்.

கேசரி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து, மாப்பிள்ளை விளையாட்டுப் பிள்ளையாக இருக்கிறார், எங்கள் பெண்ணுக்கு ஒத்துவராது என்று அவள் அப்பா சொல்லிவிட்டதாகச் சொன்னார். அம்மா எனக்கு முதுகில் இரண்டு வைத்தாள். ஒரு குடும்பத்தையே கெடுத்தவள் என்றாள். நான் ஏங்கி ஏங்கி அழுதேன். மாமா கூடத்தில்தான் இருந்தார், தடுக்கவில்லை. அடி வலித்ததைவிட அது வலித்தது. பிறகு அம்மா உள்ளே போனதும் என்னைக் கூப்பிட்டு, இருப்பதிலேயே சின்னதான பச்சை அம்பாசிடரை என் கையில் வைத்தார். மாமா ஒரு காரை இன்னொருவருக்குக் கொடுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவர் வாழ்க்கையைக் கெடுத்தவளுக்கே கொடுக்கிறாரே, எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுதேன்.

அடுத்த வருடமே மாமா அந்தக் கேக் அக்காவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். மதம் வேறு என்று அம்மா ஒரு வருடம் பேசவில்லை. கேக் அக்கா எனக்கு அத்தை ஆனாள்.

போன ஆயுத பூஜைக்கு மாடம்பாக்கத்தில் அவர்கள் ஃபிளாட்டுக்குப் போயிருந்தேன். இப்போது கண்ணாடி அலமாரி, உள்ளே விளக்கெல்லாம் உண்டு. பழைய கதையை நான்தான் எடுத்தேன். அந்தக் குரோம்பேட்டை சம்பந்தம் என்னால்தான் கெட்டது என்று சொன்னேன். அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உனக்கு இன்னுமா தெரியாது? அன்னிக்கு சாவிய டி.வி. மேல வெச்சிட்டுப் போனதே இவருதான். பஸ் ஸ்டாப்ல இருந்து எனக்கு போன் பண்ணி, 'வேலை நடந்துட்டிருக்கு'ன்னாரு."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் கழித்தும் சுருக்கென்று வந்தது. மாமாவைப் பார்த்தேன். அவர் பிரஷ்ஷால் நீல பீட்டிலைத் தட்டிக்கொண்டிருந்தார். அத்தை காபி போட உள்ளே போன பிறகு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அந்தப் பொண்ணு கணக்கு சரியாத்தான் சொல்லிச்சு."

பச்சை அம்பாசிடர் இன்னும் என் மேஜைமேல்தான் இருக்கிறது. பானெட்டில் குங்குமக் கறை போகவில்லை. வாங்கிய அடிக்கு ஆறுதலாக மாமா கொடுத்த பரிசு என்றுதான் அதை நினைத்துக்கொண்டிருந்தேன். செய்த வேலைக்குக் கூலி என்று அன்றைக்கே தெரிந்திருந்தால், பெரிய வண்டியாகக் கேட்டு வாங்கியிருப்பேன்.